அபூ வஜ்தியின் அபூர்வ மூளை

டாக்டர் நதீம் சர்ரூஃபுக்கு மூளையைப் பற்றி எல்லாம் தெரியும், அது யாருடைய தலைக்குள் இருக்கிறது என்பதைத் தவிர.

பாஸ்டனில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு பெய்ரூத்துக்குத் திரும்பி வந்தவர். வரும்போது ஏதோ ஒரு வெளிநாட்டு அறக்கட்டளையின் டாலரையும் ஒரு கேள்வியையும் கொண்டுவந்தார். மனிதன் சூதாடும்போது மூளையில் எந்த இடம் விழித்துக்கொள்கிறது என்பதுதான் கேள்வி. எங்கள் ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கவே நாக்குத் தள்ளிக்கொண்டிருந்த நேரம் அது. டாலரோடு வந்தவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேச யாருக்கும் வாய் வரவில்லை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை எம்.ஆர்.ஐ. ஸ்கேனர் அவருக்குத்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஸ்கேனரோடு சேர்த்து என்னையும் கொடுத்தார்கள்.

நான் ஹியாம். பத்தொன்பது வருஷமாக அந்த ஸ்கேனரை ஓட்டுகிறேன். உள்ளே போகிறவர்கள் இரும்பு, காசு, சாவி, சங்கிலி எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஜேபியைக் காலி செய்யும்போதுதான் மனிதர்கள் எனக்கு அறிமுகமாவார்கள். மந்திரியின் ஜேபியில் புனிதர் படம் போட்ட பதக்கம் இருந்ததையும், ஒரு கன்னியாஸ்திரியின் ஜேபியில் சிகரெட் லைட்டர் இருந்ததையும் பார்த்திருக்கிறேன். லாக்கர்களின் பூட்டு உடைந்து மாசக்கணக்காகிறது. அதனால் சாமான்களை ஒரு பிளாஸ்டிக் தட்டில் போட்டு என் மேஜைமேலேயே வைத்துக்கொள்வேன். இந்தத் தட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

டாக்டரின் சோதனை இதுதான். ஆளைக் குழாய்க்குள் படுக்க வைத்து, தலையை ஒரு கூண்டுக்குள் மாட்டி, கண்ணுக்கு மேலே ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைப்போம். கண்ணாடியில் இரண்டு சீட்டு தெரியும். ஒன்றை எடுத்தால் கொஞ்சம் நிச்சயமாகக் கிடைக்கும். மற்றதை எடுத்தால் நிறையக் கிடைக்கலாம், இருப்பதும் போகலாம். கையில் இருக்கும் பொத்தானை அமுக்கித் தேர்ந்தெடுக்க வேண்டும். காது கிழியும் சத்தத்தில், முதுகில் கட்டும் கவுனோடு, ஜேபிகூட இல்லாமல் மல்லாந்து கிடக்கிற ஒருவன் பொம்மைக் காசுக்கு ஆடுவதைப் பார்த்துவிட்டு, சூதாட்டத்தைப் பார்த்துவிட்டேன் என்று சொல்ல பாஸ்டனில் படித்திருக்க வேண்டும்.

ஆரம்பத்தில் கண்ணாடியில் எங்கள் நாட்டு லிரா நோட்டுப் படங்களைக் காட்டினார். லட்ச லட்சமாகத் தோற்றாலும் ஒருத்தர் மூளையிலும் ஒரு சலனமும் இல்லை. இந்த நாட்டுக்காரர்களுக்கு நஷ்டத்தைக் கண்டு பயமே கிடையாது, இது பெரிய கண்டுபிடிப்பு என்று மூன்று வாரம் பீற்றிக்கொண்டு திரிந்தார். கடைசியில் ஸ்கேனர் அறையைப் பெருக்க வரும் அம்மாள்தான், "ஹகீம், செல்லாக்காசாப் போன லிரா, அது போனா யாருக்கு வலிக்கும்? டாலர் படத்தைக் காட்டுங்க, அப்பத் தெரியும்" என்று துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சொன்னாள். டாக்டரை எங்கள் ஊரில் ஹகீம் என்றுதான் கூப்பிடுவோம். டாலரைக் காட்டினார். எல்லோர் மூளையும் ஒழுங்காக அலறியது. அந்த அம்மாளுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

சூதாடும் பழக்கம் உள்ளவர்கள் தேவை, ஒரு தடவைக்கு ஐம்பது டாலர் என்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டு வந்தவர்களில் ஏழாம் நம்பர்தான் அபூ வஜ்தி, அதாவது வஜ்தியின் அப்பா.

பெய்ரூத்துக்குள் தோராவிலிருந்து கோலாவரை, வழியில் ஆள் ஏற்றி இறக்கும் சர்வீஸ் டாக்சி ஓட்டுகிறவர். அறுபத்தொரு வயசு. பழைய மெர்சிடஸ், அதில் சொந்தமான சிவப்பு நம்பர் பிளேட், டாக்சி உரிமமே அதுதான். முப்பது வருஷத்துக்கு முன் மனைவி வீட்டு நிலத்தை விற்று வாங்கிய பிளேட் அது. அது இல்லாமல் ஆள் ஏற்றினால் போலீஸ் பிடிக்கும். ஒரு தடவை விற்றுவிட்டால் டிரைவர் சம்பாத்தியத்தில் மறுபடியும் வாங்க இந்த ஜென்மத்தில் முடியாது. அவருக்குச் சொத்து என்று இருந்தது அது ஒன்றுதான்.

முதல் நாள் ஜேபியைக் காலி செய்தபோது சாவிக்கொத்து, சீப்பு, திருஷ்டிக்கு ஒரு நீலக் கண் மணி, ஒரு மாத்திரை அட்டை எல்லாம் தட்டில் விழுந்தன. ஃபாரத்தை வைத்துக்கொண்டு நான் கேள்வி கேட்டேன். ஃபாரம் டாக்டர் தயாரித்தது, பாஸ்டன் ஃபாரத்தின் சுருக்கம்.

"மூளைக்கு ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?"

"மூளைக்கா? என்னைப் பாத்தா பைத்தியம் மாதிரியா இருக்கு, ஹியாம் அம்மா?"

"அப்ப இது என்ன மாத்திரை?"

"இது காலுக்கு. உக்காந்தா படுத்தா காலுக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். சும்மா வெக்க முடியாது. துருக்கில, மெர்சின்ல இருக்கிற பையன் வஜ்தி அனுப்பி வெக்கிறான்."

கால் மாத்திரை கால் மாத்திரைதானே. மூளைக்கு மருந்து இல்லை என்று எழுதினேன். நாட்டில் மருந்துக் கடைகள் காலியாகிவிட்ட பிறகு எல்லோர் வீட்டிலும் மருந்து என்பது யாராவது பெட்டியில் கொண்டுவருவதுதான். துருக்கி அட்டை, கிரேக்க அட்டை, எழுத்தே படிக்க முடியாத அட்டை. என் அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை சைப்ரஸிலிருந்து சாக்லெட்டோடு வரும். அந்த அட்டையைப் பார்த்து எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

அன்றைக்குப் பாதி ஸ்கேனில் அவர் கால் துள்ள ஆரம்பித்தது. படம் கலங்கிப்போனது. டாக்டர் மைக்கை இழுத்து, "அபூ வஜ்தி, அடுத்த தடவை அந்தக் கால் மாத்திரையில இன்னொண்ணு சேத்துப் போட்டுக்கிட்டு வாங்க. ஆடாம இருக்கணும்" என்றார். என்ன மாத்திரை என்று கேட்கவில்லை. தட்டு அவர் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

அடுத்த வியாழக்கிழமையிலிருந்து அபூ வஜ்தி மரக்கட்டை போலக் கிடந்தார். படம் கண்ணாடி போல வந்தது. அப்படி ஒரு மூளையை டாக்டர் பார்த்ததே இல்லையாம். பெரிய சீட்டைக் கண்டதும் நடு மூளையில் ஒரு திட்டு செக்கச்செவேலென்று எரிந்தது. தோற்றபோதும் எரிந்தது. டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"உங்க மூளை அபூர்வம், அபூ வஜ்தி. ஆயிரத்துல ஒண்ணு" என்று கவுனோடு உட்கார்ந்திருந்தவரிடம் சொன்னார்.

அறுபத்தொரு வருஷத்தில் அந்த மனிதரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. டிரைவர்களுக்குக் கிடைப்பது திட்டு மட்டும்தான். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "அப்ப எனக்கு ராசி இருக்குன்னு சொல்றீங்களா ஹகீம்?" என்று கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்பையே ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, ஐம்பது டாலரோடு, ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து வண்டியை நேராக வடக்கே கசினோவுக்கு விட்டிருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒன்பதாவது வியாழக்கிழமை அவருடைய மனைவி உம் வஜ்தி கூடவே வந்தாள். குள்ளமான பெண், கையில் எள்ளு ரொட்டிப் பொட்டலம். அவர் உடை மாற்றப் போனதும் என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"நீதானே தலைக்குள்ள படம் எடுக்கிறவ?"

"ஆமாம்மா."

"எட்டு தடவை பாத்தாச்சு. எந்த இடத்துல இருக்கு அந்தச் சனியன்? காட்டு. வெட்டி எடுக்கச் சொல்றேன்."

"என்னம்மா ஆச்சு?"

"நாளைக்குக் காலைல நோட்டரிகிட்டப் போறார். பிளேட்டை விக்கப் போறார். ஆள் பாத்துப் பேசி முடிச்சாச்சு. என் அப்பா நிலம் அது, தெரியுமா? இந்த ஆள் சீட்டுக்கட்டைத் தொட்டது கிடையாது. கல்யாண வீட்ல ஆம்பளைங்க ஆடும்போது இவர் காப்பி போட்டுக் குடுத்துக்கிட்டு இருப்பார். எல்லாரும் கேலி பண்ணுவாங்க, அபூ வஜ்திக்குப் பாவாடை கட்டி விடுங்கடான்னு. இப்ப ரெண்டு வருஷமா இப்படி."

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?"

"என்ன நடந்துச்சு? ஒண்ணுமில்ல. கால் டாக்டர் துபாய்க்கு ஓடிட்டார், மருந்து கிடைக்கல, பையன் அனுப்ப ஆரம்பிச்சான். கால் நல்லாத்தான் இருக்கு. தலைதான் போச்சு."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் தட்டிலிருந்த அட்டையைப் பார்த்தேன். அபூ வஜ்தியைக் குழாய்க்குள் அனுப்பி ஸ்கேனை ஓடவிட்டேன். உம் வஜ்தி வெளியே போய் நடைக்கூடத்தில் உட்கார்ந்தாள். தட்டிலிருந்த அட்டையை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்து மருந்தகத்துக்கு போன் செய்தேன். மருந்தாளர் கராபேத் எடுத்தார். அட்டையில் இருந்த பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தேன்.

"எத்தனை மில்லிகிராம்னு போட்டிருக்கு?" என்றார்.

"ஒண்ணு."

"எத்தனை சாப்பிடுறார்?"

"தினம் ஒண்ணு. வியாழக்கிழமை ரெண்டு."

"இங்க அந்தக் கால் குடைச்சலுக்கு நாம குடுத்தது ஒரு மில்லிகிராம்ல நாலுல ஒரு பங்குதான். உங்க ஆள் தினமும் நாலு ஆள் மருந்தைத் திங்கிறார். வியாழக்கிழமை எட்டு ஆள். ஹியாம், அவர் சூதாடுறாரா, இல்ல எந்நேரமும் ஃப்ரிட்ஜைத் திறந்து காலி பண்றாரா?"

நான் சூதாட்டத்தைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"பொட்டிக்குள்ள இருக்கிற தாள்லயே போட்டிருக்கும்மா" என்றார் கராபேத். "சில பேருக்கு இந்த மருந்து அப்படித்தான் பண்ணும். அளவு ஏற ஏற ஜாஸ்தியாகும். ஆனா பொட்டுனு நிறுத்தச் சொல்லாதீங்க, டாக்டர் பாத்து இறக்கணும்."

ஒன்பது வாரம் அந்த அட்டையை என் கையாலேயே தட்டில் எடுத்து வைத்து, என் கையாலேயே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். டாக்டரை நான் எவ்வளவு திட்டினாலும் இந்தக் கணக்கு என் பேரில்தான் இருக்கிறது. படிக்கத் தெரிந்தவள், ஒரு போன் செய்ய ஒன்பது வாரம் ஆயிற்று.

டாக்டர் பக்கத்து நாற்காலியில் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்புத் திட்டு எரிந்துகொண்டிருந்தது. நான் அட்டையை அவர் முன்னால் வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. வெட்கம் என்று நினைத்தேன். அவர் யோசித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

"இன்னும் ஒரு ஸ்கேன்தான் பாக்கி" என்றார்.

"நாளைக்குப் பிளேட்டை விக்கப் போறார், டாக்டர்."

"அது அவரோட முடிவு. நாம முடிவை அளக்கிறவங்க ஹியாம், தலையிடுறவங்க இல்ல. இப்பச் சொன்னா அவர் வேற மாதிரி யோசிப்பார். ஒன்பது வாரமும் வீண். ஜூன்ல ஜெனீவா மாநாட்டுல நான் என்னத்தைக் காட்டுறது? பத்தாவது முடியட்டும், நானே ஒரு நல்ல டாக்டர்கிட்ட அனுப்புறேன்."

"மாத்திரையைக் கூட்டிப் போடச் சொன்னதே நீங்கதான்."

"கால் ஆடுச்சு" என்றார். அவருக்கு அது போதுமான காரணம்.

பத்தொன்பது வருஷத்தில், நோயாளி மூச்சுத் திணறி மணியை அமுக்காமல் நான் நடுவில் ஸ்கேனை நிறுத்தியதில்லை. அன்றைக்கு நிறுத்தினேன். சத்தம் அடங்கியது. உள்ளே போய்ப் பலகையை வெளியே இழுத்தேன். அபூ வஜ்தி கூண்டுக்குள்ளிருந்து, "கரண்ட் போச்சா?" என்று கேட்டார். கூண்டைக் கழற்றி, எழுப்பி உட்கார வைத்து, உம் வஜ்தியையும் கூப்பிட்டு, இரண்டு பேரிடமும் சொன்னேன். மாத்திரைதான் காரணம். உங்க தப்பு இல்ல. நாளைக்கு நோட்டரிகிட்டப் போகாதீங்க. ஒரு மாசம் பொறுங்க.

உம் வஜ்தி கையிலிருந்த ரொட்டிப் பொட்டலத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அபூ வஜ்திக்குக் கோபம் வந்தது. நான் அதை எதிர்பார்க்கவில்லை.

"மாத்திரையா? அப்ப ஹகீம் சொன்னது? ஆயிரத்துல ஒண்ணுன்னு சொன்னாரே?"

"அதுவும் மாத்திரைதான், அபூ வஜ்தி."

"நீங்க படம் எடுக்கிறவங்க. ஹகீம் இதுக்குன்னே படிச்சவர்." அவர் கவுனை இழுத்து மூடிக்கொண்டு கதவருகே வந்து நின்ற டாக்டரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க ஹகீம். இந்தம்மா சொல்றது நிஜமா? ஆமான்னா ஆமான்னு சொல்லுங்க. நான் நாளைக்குப் போகல."

இதைவிடச் சுலபமான கேள்வியை யாரும் அவரிடம் கேட்டிருக்க முடியாது. ஒரே வார்த்தை. ஜெனீவா கண்ணுக்குத் தெரிந்திருக்கும், பத்தாவது வியாழக்கிழமை தெரிந்திருக்கும். டாக்டர் நதீம் சர்ரூஃப் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பல காரணங்கள் இருக்கலாம், அபூ வஜ்தி. இதுதான்னு உறுதியாச் சொல்ல முடியாது. இன்னும் ஆராய்ச்சி தேவை."

"பாத்தியா?" என்று அபூ வஜ்தி மனைவியிடம் திரும்பினார். உடை மாற்றிக்கொண்டு வந்து, தட்டிலிருந்து சாவி, சீப்பு, மணி, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் அள்ளி ஜேபியில் போட்டுக்கொண்டார். உம் வஜ்தி டாக்டரிடம், "ஹகீம், நீங்க சாப்பிடுற சோறு செரிக்குதா?" என்று மட்டும் கேட்டாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் மெர்சினிலிருந்து வஜ்தி போனில் அப்பாவிடம் கெஞ்சியிருக்கிறான். ஹகீமே உறுதியில்லைன்னுட்டார், நர்ஸ் பொம்பளை பேச்சைக் கேட்டு நான் ராசியை விடணுமா என்று அவர் போனை வைத்துவிட்டாராம். நான் நர்ஸ்கூட இல்லை. வெள்ளிக்கிழமை காலை நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தப் பணம் முழுக்கக் கசினோவில் போய்விட்டது.

பத்தாவது வியாழக்கிழமை அவர் பஸ்ஸில் வந்தார். அந்த ஸ்கேனை நான் ஓட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஷிஃப்ட் ஆள் ஓட்டினான். படம் பிரமாதமாக வந்ததாம். நடுவில் ஸ்கேனை நிறுத்தியதற்காக எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அதில் என் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். டாக்டர் சொன்ன அந்த நல்ல டாக்டர் வரவே இல்லை. கராபேத் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு உம் வஜ்திதான் அஷ்ரஃபிய்யே பகுதியில் ஒரு நரம்பு டாக்டரைத் தேடிப் போனாள். வாரம் வாரமாக அளவை இறக்கினார்கள். ஆறு வாரத்தில் ஒரு நாள் காலை அபூ வஜ்தி எழுந்து உட்கார்ந்து, காய்ச்சல் விட்டவர் போல வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நான் என்ன பண்ணிட்டேன்?" என்று கேட்டாராம். அவள் காப்பி போட்டுக் கொடுத்தாள். வேறென்ன செய்வாள்?

ஜெனீவாவில் கைதட்டல் வாங்கிக்கொண்டு வந்த பிறகு, டாக்டர் எங்கள் ஆஸ்பத்திரி அரங்கத்திலும் ஒரு சொற்பொழிவு வைத்தார். வாசலில் பெரிய படம் ஒட்டியிருந்தார்கள். நான் உம் வஜ்திக்கு போன் செய்து நாளையும் நேரத்தையும் சொன்னேன். சொல்ல வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. என் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் சொன்னேன்.

இரண்டு பேரும் இஸ்திரி போட்ட உடையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். திரையில் ஏழாம் நம்பர் மூளை வந்தது. நடுவில் அந்தச் சிவப்பு. இயற்கையே சூதாட்டத்துக்கென்று செய்துவைத்த மூளை என்றார் டாக்டர். மருந்தைப் பற்றிக் கீழே ஒரு வரி இருந்தது. கடைசி வரிசையிலிருந்து அதைப் படிக்க முடியாது, முதல் வரிசையிலிருந்து நான் பார்த்தேன், அங்கிருந்தும் முடியாது. கைதட்டினார்கள். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்.

அபூ வஜ்தி எழுந்தார். மைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஹகீம், நான்தான் ஏழாம் நம்பர்."

அரங்கத்தில் சிலர் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். டாக்டரும் கையை உயர்த்தி, "நம்ம ஹீரோ" என்றார்.

"அன்னிக்கு உங்ககிட்ட ஒரே ஒரு வார்த்தை கேட்டேன். உங்களுக்குப் பதில் தெரியும். தெரிஞ்சும் சொல்லல. ஒரு படத்துக்காக என் பிளேட்டை வெச்சு நீங்க ஆடினீங்க." குரல் கணீரென்று இருந்தது. "நான் ஆடினப்ப என் வயித்துல மாத்திரை இருந்துச்சு, ஹகீம். நீங்க ஆடினப்ப உங்க வயித்துல என்ன இருந்துச்சு?"

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்தார், திறக்காமல் கீழே வைத்தார். பிறகு, "நல்ல கேள்வி" என்றார். அடுத்த கேள்வி இருக்கிறதா என்று அரங்கத்தைப் பார்த்தார். ஒரு கைகூட எழவில்லை.

அபூ வஜ்தி பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தார். உம் வஜ்தி அவர் சட்டைக் கையைப் பிடித்து மெல்ல இழுத்தாள்.

"வாங்க போலாம். வாடகை வண்டிய ஆறு மணிக்குள்ள முதலாளிகிட்ட திருப்பி விடணும்."